மட்டம் மட்டமாக வெட்டிப் பார்த்தவர்

இத்தாலியின் தென்கிழக்கில் உள்ள லெச்சே நகரில் 1928 பிப்ரவரி 8 அன்று பிறந்தவர் என்னியோ தெ ஜோர்ஜி. ரோம் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்து கணிதத்துக்கு மாறினார். மௌரோ பிக்கோனேயின் மாணவராக 1950-இல் பட்டம் பெற்றார்.

கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால் அதில் ஒரு படலம் படியும். வளையத்தை எப்படி நெளித்தாலும், கூடியவரை குறைந்த பரப்பிலேயே அது நிற்கும். அதன் வடிவத்தைச் சொல்லும் சமன்பாடு நேரியல் அல்லாதது. இரண்டு தீர்வுகளைக் கூட்டி மூன்றாவதைப் பெறும் வசதி இங்கே கிடையாது. இவ்வாறு ஓர் அளவை மிகக் குறைவாக்கும் தீர்வுகள், தகுந்த நிபந்தனைகளின் கீழ், எங்கும் முறிவின்றி வழவழப்பாகத்தான் இருக்குமா? கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900-இல் முன்வைத்த 23 கணக்குகளில் 19ஆவது, சுருக்கமாகச் சொன்னால், இதுதான்.

விடையை 1957-இல் வெளியிட்டபோது தெ ஜோர்ஜிக்கு வயது 29. தீர்வை ஒரு மலையாக நினைத்துக்கொள்ளலாம். அதை மட்டம் மட்டமாக வெட்டி, ஒவ்வொரு மட்டத்துக்கும் மேலே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அவர் அளந்தார். அந்த இடம் வேகமாகச் சுருங்குவதைக் காட்டியதும், தீர்வில் திடீர்த் தாவல் இருக்க முடியாது என்பது உறுதியாயிற்று. அமெரிக்காவில் கணிதவியலாளர் ஜான் நாஷும் வேறு வழியில் இதே முடிவை எட்டியிருந்தார். உச்சியை முதலில் தொட்டவர் தெ ஜோர்ஜிதான் என்று நாஷே பின்னர் எழுதினார்.

1959 முதல் இறுதிவரை பீசா நகரின் ஸ்குவோலா நொர்மாலே கல்வி நிலையமே அவருடைய இடம். வழவழப்பை நிறுவியவரே அது எங்கே முறியும் என்பதையும் காட்டினார் என்பதுதான் அவரிடம் வியக்கத்தக்கது. பல சமன்பாடுகள் பிணைந்த தொகுதிகளில் தம் முடிவு பொருந்தாது என்பதற்கு 1968-இல் எடுத்துக்காட்டு தந்தார். வெளி முழுவதன்மீதும் வரைபடமாக விரியும் சிறுமப் பரப்பு (சோப்புப் படலம் போன்றது) தட்டையாகவே இருக்கும் என்ற கூற்று அந்தப் பரப்பு அமைந்துள்ள வெளிக்கு எட்டுப் பரிமாணங்கள் வரை உண்மை, ஒன்பதில் உடைகிறது. ஒன்பதில் உடைவதை 1969-இல் பொம்பியேரி, ஜூஸ்தி ஆகியோருடன் சேர்ந்து நிறுவினார்.

நுண்ணிய கலவைப் பொருள் மொத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது போன்ற கேள்விகளுக்கு உதவும் காமா ஒருங்கல் என்ற கருத்து 1970-களில் அவர் உருவாக்கியது. எரித்திரியாவின் அஸ்மாராவிலும் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். மனித உரிமைக்காக ஆம்னெஸ்டி அமைப்பில் உழைத்தார். 1990-இல் வுல்ஃப் பரிசு கிடைத்தது.

1996 அக்டோபர் 25 அன்று பீசாவில் காலமானார். லெச்சேயில் உள்ள சலெந்தோ பல்கலைக்கழகத்தின் கணித, இயற்பியல் துறை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.