நரம்புக்கருவி இசையைப் பதிவு செய்வோம்

இசைக்கருவிகளை நம் முன்னோர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காக வகுத்தனர். இவற்றுள் நரம்புக்கருவியின் ஒலி மென்மையானது. வீணையும் வயலினும் மட்டுமன்றி, சரவாக்கின் ஓராங் உலு மக்கள் மரத்தைக் குடைந்து செய்யும் சாப்பே என்னும் கருவியும் இவ்வினத்தைச் சார்ந்ததே ஆகும். இம்மென்மையான இசையைப் பெரும்பொருள் செலவிடாமல் தெளிவாகப் பதிவு செய்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் மனிதக் குரலை மெல்லிய வெள்ளீயத் தகட்டில் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட் ஒலிநாடாவை அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர் எளிய குடும்பத்தினரும் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றனர். இன்றோ கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகவும் விளங்குகின்றது. ஆயினும், கருவி இருந்தால் மட்டும் போதுமா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். காலையில் பால்மரம் சீவுவார்; மாலையில் கோயில் மண்டபத்தில் அமர்ந்து வயலின் வாசிப்பார். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய இசையில் எஞ்சியிருப்பது ஒரே ஓர் ஒலிநாடா. அதனை இயக்கினால் தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலே முதலில் கேட்கின்றது. வயலின் எங்கோ தொலைவில் ஒலிக்கின்றது. அதனைப் பதிவு செய்தவன் நானே. மழை ஓயும்வரை காத்திருக்க வேண்டும் என்றோ, பெட்டியைச் சற்று அருகில் வைக்க வேண்டும் என்றோ அன்று எனக்குத் தெரியாது. அன்று நான் அறியாதிருந்தவற்றையே, மாணவச் செல்வங்களே, இன்று உங்களுக்கு எழுதுகின்றேன்.

இடமும் நேரமும்

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். கைதட்டிய ஒலி நீண்டு எதிரொலித்தால் அவ்வறை பதிவுக்கு ஏற்றதன்று. வெறும் சிமெண்டுச் சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. துணியும் பஞ்சும் ஒலியை உள்வாங்கிக் கொள்கின்றன. ஆகவே, தரையில் பாயும் விரிப்பும் இடுங்கள். சன்னலுக்குத் தடித்த திரையிடுங்கள். சுவரோரம் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

நம் நாட்டில் பிற்பகலில் மழை பெய்வது மிகுதி. ஆதலால் பெரும்பாலும் காலை நேரமே சிறந்தது. பதிவு தொடங்கும்முன் காற்றாடி, குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். நம் செவி இவற்றின் இரைச்சலுக்குப் பழகிவிட்டது. ஒலிவாங்கியோ எதனையும் விட்டுவைப்பதில்லை. பதிவு முடிந்ததும் குளிர்பதனப் பெட்டியை மறவாமல் மீண்டும் இயக்கிவிடுங்கள். கைத்தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்தால் இடையில் அழைப்பு வாராது.

தொலைவே முதன்மை

ஒலிவாங்கியைக் கருவியிலிருந்து எவ்வளவு தொலைவில் வைப்பது என்பதே ஒலிப்பதிவின் உயிர்நாடி. ஓர் அடித் தொலைவில் இருந்ததை இரண்டடிக்கு நகர்த்தினால், கருவியிலிருந்து நேராக வந்து சேரும் ஒலியாற்றல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அறையின் எதிரொலியோ அவ்வாறு குறைவதில்லை. எனவேதான் தொலைவில் வைத்த பதிவில் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போன்ற ஒலி கேட்கின்றது. மிக அருகில் வைத்தாலோ வில்லின் உரசலும் நகத்தின் கீறலும் மேலோங்கி நிற்கும்.

கருநாடக இசை வயலின் கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலக் கணுக்காலின் அருகே ஊன்றி வாசிப்பார். அவருக்கு முன்னே 2 முதல் 3 அடித் தொலைவில், கருவியைவிடச் சற்று உயரமாக ஒலிவாங்கி அமையட்டும். வீணையாயின், பலாமரத்தால் ஆன குடத்தை நோக்கி 2 அடித் தொலைவில் வைத்துத் தொடங்கலாம். பின்னர்ச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பதிவு செய்து, செவிமாட்டியில் கேட்டு ஒப்பிடுங்கள். எது நன்றாக இருக்கின்றதோ அதுவே சரியான இடம்.

மிருதங்கம் உடன் வாசிக்கப்பட்டால் அதன் ஒலி வயலினை விழுங்கிவிடும். ஆகவே மிருதங்கக் கலைஞரைச் சற்றுப் பின்னால் தள்ளி அமரச் செய்யுங்கள். சுருதிப்பெட்டியும் பின்னாலேயே இருக்கட்டும். ஒரே ஒலிவாங்கி உள்ளபோது இருக்கைகளை மாற்றியே ஒலியைச் சமன் செய்ய இயலும்.

கைத்தொலைபேசியைக் கையில் பிடித்திருத்தல் கூடாது. விரல் அசைவும் பதிவாகும். ஒரு முக்காலியின் மேல் நான்காக மடித்த துண்டை விரித்து அதன்மேல் வையுங்கள். பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் முதன்மையான ஒலிவாங்கித் துளை கீழ்முனையில் இருக்கும். அம்முனை இசைக்கருவியை நோக்கி இருக்கட்டும்.

ஒலியளவும் சேமிப்பும்

கலைஞரை மிக உரத்த பகுதியை முதலில் வாசிக்கச் சொல்லி ஒலியளவைச் சோதியுங்கள். அளவுகாட்டி உச்சியைத் தொட்டுவிட்டால் ஒலி சிதைந்துவிடும். சிதைந்த ஒலியைப் பின்னர்ச் சீராக்குவது அரிது. குறைவாகப் பதிவான ஒலியையோ ஓரளவு உயர்த்திக் கொள்ளலாம்.

இயலுமாயின் 'வேவ்' என்னும் கோப்பு வடிவில் சேமியுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்ற அளவில் இருவழி ஒலிப்பதிவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் தேவைப்படும். பதிவின் தொடக்கத்தில் கலைஞரின் பெயர், இராகம், ஊர், நாள் ஆகியவற்றைக் கூறுங்கள். இசை முடிந்தபின் 10 நொடி அசையாதிருங்கள். கடைசி நாதம் தானே அடங்கட்டும். பின்னர் மூன்று படிகள் எடுத்து, ஒன்றைக் கைத்தொலைபேசியிலும், ஒன்றைக் கணினியிலும், ஒன்றைத் தம்டிரைவ் எனப்படும் விரலியில் இட்டு உறவினர் வீட்டிலும் வையுங்கள்.

பெற்றோர்களே! இதற்கெனப் புதிய கருவி வாங்கித் தருமாறு பிள்ளைகள் கேட்டால், முதலில் இருப்பதைக் கொண்டு பத்து முறை பதிவு செய்து பழகச் சொல்லுங்கள். அமைதியும் இடமும் தொலைவும் சரியாக அமையாவிடில் விலையுயர்ந்த ஒலிவாங்கியும் இரைச்சலைத்தான் பதிவு செய்யும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் குடும்பத்திலோ, தோட்டத்திலோ, கோயிலிலோ நரம்புக்கருவி வாசிக்கும் முதியவர் எவரேனும் இருப்பின், வரும் விடுமுறையிலேயே அவரிடம் செல்லுங்கள். பதிவு செய்யவும், அதனைப் பிறருக்குத் தரவும் முறையாக அனுமதி கேளுங்கள். மழை பெய்தால் ஓயும்வரை அவர் அருகில் அமர்ந்து, அவர் கற்ற கதையைக் கேளுங்கள். மழை ஓய்ந்தபின் பதிவைத் தொடங்குங்கள். என்னிடம் உள்ள ஒலிநாடாவைப் போன்ற ஒன்று உங்கள் கையிலும் எஞ்சிவிட வேண்டாம்.