காதற் கதைகளும் எட்டு மணி நேர உழைப்பும்

காதற் கதை எழுதுபவரைப் பற்றி நம் மனத்தில் ஒரு சித்திரம் நெடுங்காலமாகப் படிந்திருக்கிறது. நிலவொளி வீசும் மாடம், அருகே மணம் கமழும் மல்லிகைப் பந்தல், கையில் எழுதுகோல், கண்களில் கனவு. உள்ளத்தில் ஊற்றுப் பெருகும்போது எழுதுவார். பெருகாதபோது ஆற்றங்கரையில் உலாவி வருவார். அமெரிக்க நாவலாசிரியை நோரா ராபர்ட்ஸ் அம்மையாரின் வாழ்க்கையை அறியப் புகுவோர் இச்சித்திரத்தை முதலில் சுருட்டி வைத்துவிட வேண்டும். 200க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியுள்ள இவ்வம்மையாரின் நாள், அலுவலகம் செல்லும் ஒருவரின் நாளைப் போன்றது. மேசைமுன் அமர்கிறார், எட்டு மணி நேர அளவில் எழுதுகிறார், எழுந்து செல்கிறார். மறுநாளும் அவ்வாறே. எழுபது வயதைக் கடந்த பின்னும் இவ்வழக்கத்தை அவர் கைவிடவில்லை.

தாயகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்முள் எழுத்தாசை கொண்டோர் பலர். தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை எழுதுவோம். பெரிய நாவலைப் பற்றிக் கேட்டால், ‘மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபின் எழுதலாம்’ என்போம். ‘ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்போம். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நாம், நாள்தோறும் பிறர் எழுதியதைத் தமிழாக்கி வருகிறோம். நம்முடைய நாவலின் மூன்று அத்தியாயங்களோ பதினோராண்டுகளாகத் தகரப் பெட்டியினுள் உறங்குகின்றன. ஆகவே இவ்வம்மையாரின் வரலாறு நமக்கு வெறும் செய்தியாக இல்லை. சற்று உறுத்தவும் செய்கிறது.

அவர் 1950-ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்து வழியினர். ஐந்து மக்களுள் இவரே இளையவர். கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றபோது கன்னியர் கற்பித்த ஒழுங்கே தம் எழுத்துக்குத் துணைநின்றது என்று பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருமணம் நடந்தது. சிறிது காலம் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். இரண்டு ஆண்மக்கள் பிறந்தபின் வீட்டோடு தங்கினார், துணி தைத்தார், மண்கலம் வனைந்தார்.

1979-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அப்பகுதியில் கடும் பனிப்புயல் வீசியது. மூன்றடி உயரத்திற்குப் பனி மூடிக்கொண்டது. சாலை இல்லை, கடை இல்லை, பாலர் பள்ளியும் இல்லை. வீட்டில் இருந்த சாக்லேட்டும் தீர்ந்துகொண்டே வந்தது. இரு சிறுவர்களையும் நான்கு சுவர்களுக்குள் வைத்துக்கொண்டு நாட்களைக் கழிப்பது எத்தகைய தவம் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. அந்த நெருக்கடியிலேதான் அவர் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்து, மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கதையொன்றை எழுதத் தொடங்கினார். தனியறை, ஓய்வு, அமைதி ஆகிய மூன்றும் இல்லாத வேளையில் அத்தொடக்கம் நிகழ்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பனி உருகியது, எழுதும் பழக்கமோ நிலைத்துவிட்டது.

பிள்ளைகள் வளர்ந்துவந்த காலத்தில் அவர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அம்மா எழுதிக்கொண்டிருக்கும்போது, இரத்தம் வந்தாலோ தீப்பற்றினாலோ அன்றி ஒருவரும் கூப்பிடலாகாது. ஓடியாடும் சிறுவர்கள் உள்ள வீட்டில் இவ்விரண்டும் அடிக்கடி நேரக்கூடியவை என்பதால், இது அவ்வளவு கடுமையான சட்டமும் அன்று!

எழுதிய கதைகளை, காதல் நாவல்களுக்குப் பெயர் பெற்ற கனடா நாட்டு ஹார்லெக்வின் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அவை திரும்பி வந்தன. ஒருமுறை திரும்பியதோடு ஒரு சிறு கடிதமும் இருந்தது. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் எம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார் என்பது அதன் சாரம். அவ்வொருவர் ஜேனட் டெய்லி அம்மையார். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர்த் திரும்பவும் வரும். 1980-இல் தொடங்கப்பெற்ற சில்ஹவுட் என்னும் புதிய பதிப்பகம் அமெரிக்க எழுத்தாளர்களைத் தேடியது. அங்கே 1981-இல் ராபர்ட்ஸ் அம்மையாரின் முதல் நாவல் வெளிவந்தது. அடுத்துவந்த 1982 முதல் 1984 வரையிலான மூன்று ஆண்டுகளில் அதே பதிப்பகத்துக்கு அவர் எழுதியவை 23 நாவல்கள்.

இவ்வளவு எழுதுவது எங்ஙனம் என்ற வினா இயல்பாக எழும். அவர் முன்கூட்டியே கதைச் சுருக்கம் வகுத்துக்கொள்வதில்லை. ஒரு நிகழ்ச்சி, ஒரு பாத்திரம் அல்லது ஓர் இடம் மனத்தில் பிடிபட்டால் போதும், அங்கிருந்து புறப்பட்டுவிடுகிறார். முதல் வரைவு விரைவாக எழுதப்படுவது, எலும்புக்கூடு போன்றது. அதில் எழில் இல்லையே என்று அவர் நின்று வருந்துவதில்லை. யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை இறுதிவரை கொண்டுசெலுத்துவதே அப்போது அவருக்குள்ள வேலை. முடிந்தபின் முதற்பக்கத்துக்குத் திரும்புகிறார். இரண்டாம் வரைவில் எலும்பின்மேல் தசை படிகிறது; இடங்கள் நிறம் பெறுகின்றன; பாத்திரங்களின் உள்ளம் அவருக்கே அப்போதுதான் தெளிவாகிறது. மூன்றாவதாக மொழியைச் செப்பனிட்டு அனுப்பிவிடுகிறார். ஒரு வேளையில் ஒரே நாவல். ஒன்று முடியுமுன் மற்றொன்றைத் தொடுவதில்லை. மூன்று நூல்களாக விரியும் தொடர்கதை ஆயின், அந்தப் பாத்திரங்களைப் பிரிய மனமின்றி மூன்றையும் அடுத்தடுத்து எழுதி முடிக்கிறார்.

இதனை அறிந்த அன்று மாலை நாம் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். முதல் அத்தியாயத்தைப் பதினான்கு முறை திருத்தி எழுதியிருந்தோம். நான்காம் அத்தியாயம் ஒருமுறைகூட எழுதப்படவில்லை. மொழிபெயர்ப்பில் நாம் ஒருபோதும் இப்படிச் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. அறுபது பக்க அறிக்கை வந்தால், முதலில் கரடுமுரடாக முழுவதையும் தமிழாக்கிவிட்டு, பிறகே சொற்களைச் சீர்செய்கிறோம். பிறருடைய எழுத்துக்குக் காட்டும் இந்த நடைமுறை அறிவு நம்முடைய எழுத்துக்கு வரும்போது எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

மிகுதியாக எழுதினால் தரம் தாழாதா என்று கேட்பார்கள். 200 நூல்களும் ஒரே தரத்தின என்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும் காதல் நாவலை அதன் இலக்கணத்தை அறியாமல் பழிப்போரே அதிகம். காதலே கதையின் நடுநாயகமாக இருத்தல் வேண்டும். முடிவு நம்பிக்கை தருவதாக அமைதல் வேண்டும். இவ்விரண்டையும் அங்குள்ள வாசகர்கள் நூலாசிரியரோடு செய்துகொண்ட உடன்படிக்கையாகக் கருதுகின்றனர். முடிவு தெரிந்த கதையில் சுவை ஏது என்ற கேள்விக்கு நம் அகத்திணை மரபே விடை சொல்லும். தலைவன், தலைவி, தோழி என்ற ஒருசிலரையே கொண்டு, வரையறுத்த துறைகளுக்குள் நின்று, அகநானூற்றின் புலவர்கள் 400 பாடல்களைப் பாடவில்லையா? தமிழிலும் ரமணிசந்திரன் அம்மையாரின் நாவல்களை விரும்பிப் படிப்போர் ஏராளம். விருந்தினர் வந்தால் அந்நூலை நாளிதழின் அடியில் மறைத்து வைப்போரையும் நாம் கண்டிருக்கிறோம். மறைக்க என்ன இருக்கிறது?

எழுதும் வேகத்தால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. ஒரே பெயரில் இத்தனை நூல்களை வெளியிட இயலாது என்று பதிப்பகத்தார் தயங்கினர். ஆகவே 1995 முதல் ஜே. டி. ராப் என்ற புனைபெயரிலும் எழுதலானார். ஜே, டி ஆகிய இரண்டும் அவருடைய மக்கள் இருவரின் பெயர்களின் முதலெழுத்துகள். இப்பெயரில் வருபவை எதிர்கால நியூயார்க் நகரத்தைக் களமாகக் கொண்ட துப்பறியும் கதைகள். ஈவ் டல்லாஸ் என்ற பெண் காவல் அதிகாரி அவற்றின் தலைவி. இத்தொடரில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்துள்ளன.

இனி ஜேனட் டெய்லி அம்மையாரிடம் வருவோம். 1997-இல் வாசகர் ஒருவர் இவ்விருவருடைய நாவல்களையும் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தது. ஒன்றில் படித்த பகுதிகள் மற்றொன்றில் மீண்டும் வரக் கண்டு, அதனை இணையத்தில் எழுதினார். ராபர்ட்ஸ் அம்மையாரின் நூல்களிலிருந்து தாம் எடுத்தாண்டது உண்மையே என்று டெய்லி அம்மையார் ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் தம் மனநலம் குன்றியிருந்ததைக் காரணமாகக் கூறினார். வழக்கு 1998-இல் உடன்பாட்டில் முடிந்தது. கிடைத்த தொகையை ராபர்ட்ஸ் அம்மையார் எழுத்தறிவுப் பணிக்கு வழங்கிவிட்டார்.

எந்தப் பெயரைக் காட்டித் தம் கதை மறுக்கப்பட்டதோ, அப்பெயர்க்குரியவரே தம் வரிகளை எடுத்துக்கொண்டார் என்பது ஒரு நாவலில் வந்தால் நாம் நம்ப மாட்டோம். டெய்லி அம்மையாரும் அந்நாட்டில் பெரும்புகழ் பெற்றவரே. 2013-இல் மறைந்த அவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. ‘எல்லாம் ஒரே மாதிரிக் கதைதானே, இதில் திருட என்ன இருக்கிறது’ என்று சிரித்தவர்களும் அன்று இருந்திருப்பார்கள். வாக்கியம் ஒவ்வொன்றும் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து கழித்த நேரம் என்பதை, நாள்தோறும் எட்டு மணி நேரம் அமர்ந்தவரே அறிவார். பிறர் சொற்களோடு நாள் முழுதும் உழலும் மொழிபெயர்ப்பாளருக்கும் அது ஓரளவு விளங்கும்.

அவருடைய இரண்டாவது கணவர் தச்சர். நூல்களை அடுக்க மரத்தட்டுகள் செய்து தரும்படி அவரை வீட்டுக்கு அழைத்தார் அம்மையார். 1985-இல் இருவரும் மணந்துகொண்டனர். வீட்டுக்கு அருகிலுள்ள பூன்ஸ்பரோ என்னும் சிற்றூரில் அக்கணவர் ஒரு புத்தகக் கடை நடத்தி வந்திருக்கிறார். அவ்வூரின் பழைய விடுதிக் கட்டடம் ஒன்றையும் குடும்பத்தினர் வாங்கிச் செப்பனிட்டனர். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2008 பிப்ரவரியில், அது தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டி மறு ஆண்டில் திறந்தனர். அதன் அறைகளுக்கு எண்களுக்குப் பதிலாக இலக்கியக் காதலர்களின் பெயர்களைச் சூட்டியுள்ளனர். ஜேன் ஆஸ்டினின் எலிசபெத்தும் டார்சியும் ஓர் அறைக்குப் பெயர் தந்துள்ளனர். ஷேக்ஸ்பியரின் டைட்டானியாவும் ஓபரானும் மற்றோர் அறைக்கு. இறுதியில் இன்பமாக வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே அங்கு இடம் என்பது அம்மையாரின் விதி. ஆகவே ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் அவ்விடுதியில் அறை இல்லை.