இரண்டு விரல்களில் ஜாஸ்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, நம் வீட்டுப் பெண் கல்லூரியிலிருந்து வாடிய முகத்துடன் திரும்பினாள். எட்டு ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் பயின்றவள். வர்ணம், கீர்த்தனம் எல்லாம் கடந்து கற்பனை ஸ்வரம் பாடத் தொடங்கியிருந்தவள். மும்பையில் பிறந்து வளர்ந்த பெண்ணாதலால், கல்லூரித் தோழர்களின் ஜாஸ் குழுவிலும் சேர்ந்திருந்தாள். அன்று ஒத்திகையில், "இந்தப் பன்னிரண்டு கட்டங்களுக்கும் உன் மனம்போல் பாடு" என்று அவளிடம் விட்டார்களாம். மனோதர்மம் நமக்குப் புதிதா என்ற துணிவோடு, முதலில் காதில் விழுந்த ஸ்வரங்களைக் கொண்டு ஹரிகாம்போதி என்று நிதானித்துக்கொண்டு, கண்ணை மூடிப் புகுந்துவிட்டாள். நான்கு கட்டங்கள் வரை எல்லாரும் தலையசைத்தனர். ஐந்தாம் கட்டத்தில் முகங்கள் சுளித்தன. ஒன்பதாம் கட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"நம் பாட்டு அங்கே எடுபடவில்லை; அவர்கள் பாட்டு எனக்கு வரவில்லை. இரண்டுமே வேண்டாம், அப்பா" என்றாள்.

வெளியூரில் குழந்தைகளை வளர்க்கும் அன்பர்களுக்கு இந்த வார்த்தை எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாமோ ஆர்மோனியத்தில் நான்கு பாட்டு வாசிக்கத் தெரிந்ததற்கு மேல் சங்கீத ஞானம் இல்லாதவர். ஆயினும், தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளாமலே இரண்டு வித்தைகளையும் மூட்டை கட்டிப் பரணில் போடுவது நியாயமாகப் படவில்லை. பெண்ணும் நாமும் பழைய ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தோம். சில மாதங்களில் விளங்கியதை இங்கே எழுதுகிறோம், வித்துவான்கள் பொறுத்தருள்வார்களாக.

மேனாட்டு சங்கீதத்தில் மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிப்பதைக் கார்டு என்பார்கள். அஞ்சல் கார்டோடு குழப்பம் நேராதிருக்க, நாம் ஸ்வரக்கூட்டு என்றே சொல்லிப் போகிறோம். நம் கச்சேரியில் தம்புரா தொடக்கம் முதல் மங்களம் வரை ஒரே சுருதியை மீட்டிக்கொண்டிருக்கிறது. பாடுகிறவர் எவ்வளவு தூரம் அலைந்தாலும் வீடு நின்ற இடத்திலேயே நிற்கும். ஜாஸில் பின்னணிக் கூட்டு சில அட்சரங்களுக்கு ஒரு முறை மாறிவிடுகிறது. நாம் பிடித்திருக்கும் ஸ்வரம் அப்படியே இருந்தாலும் அதன் உறவுமுறை மாறிப்போகிறது. ஷட்ஜத்தையே எடுத்துக்கொள்வோம். ஷட்ஜத்தை அடியாகக் கொண்ட கூட்டில் அது வீட்டுக்காரர். மத்தியமத்தை அடியாகக் கொண்ட கூட்டு வந்ததும், அந்த மத்தியமத்துக்கு அதுவே பஞ்சமமாகி, மரியாதைக்குரிய சம்பந்தியாகிறது. பஞ்சமத்தை அடியாகக் கொண்ட கூட்டு வந்தாலோ, அடுத்திருக்கும் காகலி நிஷாதத்தோடு உரசிக்கொண்டு, உட்கார இடமில்லாத விருந்தாளியாக நிற்கிறது. ஷட்ஜத்துக்கே உட்கார இடமில்லை என்பது நம் காது எளிதில் ஒப்புக்கொள்ளும் செய்தியன்று. நமக்குப் பல வாரங்கள் ஆயின.

பெண் பாடப் புகுந்தது ப்ளூஸ் என்னும் அமைப்பு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்குத் தந்தது. கட்டத்துக்கு நான்கு அட்சரமாகப் பன்னிரண்டு கட்டங்கள், ஆக 48 அட்சரங்கள் ஒரு சுற்று. அது நம் தாள ஆவர்த்தம் போலத் திரும்பத் திரும்ப வரும். முதல் நான்கு கட்டங்களில் ஷட்ஜக் கூட்டு: ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். ஐந்திலும் ஆறிலும் மத்தியமக் கூட்டு: மத்தியமம், சதுச்ருதி தைவதம், ஷட்ஜம், சாதாரண காந்தாரம். ஏழும் எட்டும் மீண்டும் ஷட்ஜக் கூட்டு. ஒன்பதில் பஞ்சமக் கூட்டு: பஞ்சமம், காகலி நிஷாதம், சதுச்ருதி ரிஷபம், மத்தியமம். பத்தில் மத்தியமக் கூட்டு. கடைசி இரண்டிலும் ஷட்ஜக் கூட்டு. சிறு சிறு மாறுதல்களோடு பல வகை உண்டெனினும் அடிப்படை இதுவே.

இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்ததும் பெண்ணின் தவறு கண்ணுக்கே தெரிந்தது. ஹரிகாம்போதி முதல் நான்கு கட்டங்களுக்குப் பழுதில்லாமல் பொருந்துகிறது. ஐந்தாம் கட்டத்தில் பின்னணி சாதாரண காந்தாரத்துக்கு இறங்கிவிட்டது. அவளோ அந்தர காந்தாரத்தை விடாமல் பிடித்து நின்றாள். ஒன்பதாம் கட்டத்தில் அவர்கள் காகலி நிஷாதத்தில் இருக்க, இவள் கைசிகியில் கார்வை கொடுத்தாள். அவள் பாடியதில் ராக தோஷம் ஏதுமில்லை. நிலம் நகர்ந்ததைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அப்பியாசத்துக்கு வருவோம். கூட்டில் நான்கு ஸ்வரங்கள் இருப்பினும், அதன் குணத்தைக் காட்டுபவை இரண்டே: அடி ஸ்வரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதும் ஏழாவதும். ஷட்ஜக் கூட்டுக்கு அவை அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும். இவ்விரண்டு கட்டைகளிலும் இரண்டு விரல்களை வைத்துக்கொள்க. மத்தியமக் கூட்டு வரும்போது இரண்டு விரல்களையும் அரைப்படி, அதாவது ஒரே ஒரு கட்டை, கீழே நகர்த்துக. சாதாரண காந்தாரமும் சதுச்ருதி தைவதமும் கிடைத்துவிடும். பஞ்சமக் கூட்டுக்கோ, முதலில் இருந்த இடத்திலிருந்து இரண்டு விரல்களையும் ஒரு கட்டை மேலே நகர்த்துக. மத்தியமமும் காகலி நிஷாதமும் கிடைக்கும். விரல்களுக்கிடையே உள்ள தூரம் மாறுவதே இல்லை. ஊரெல்லாம் பெரிய வித்தை என்று அஞ்சும் காரியம், ஒரு கட்டை மேலே, ஒரு கட்டை கீழே என்று முடிந்துபோனதைக் கண்டு நாம் சற்று ஏமாற்றமே அடைந்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆர்மோனியத்தில் இடக்கை துருத்திக்குப் போய்விடுவதால், வலக்கையின் இரு விரல்களால் கூட்டைப் பிடிப்பது நம் வேலையாயிற்று. பாடுவது பெண்ணின் வேலை. நிமிடத்துக்கு 60 அட்சரம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 48 வினாடி. பத்து நிமிடத்தில் பன்னிரண்டு சுற்று. முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு கட்டத்தின் முதல் அட்சரத்திலும் அவ்விரண்டில் ஒரு ஸ்வரத்தை மட்டும் பாடிவிட்டு, மிச்ச மூன்று அட்சரங்களுக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கற்பனை ஸ்வரத்தில் தாராளமாக ஓடிப் பழகிய பெண்ணுக்கு இந்த மௌனந்தான் மிகக் கடினமாயிருந்தது. பின்னர் கூட்டின் நான்கு ஸ்வரங்களையும் அட்சரத்துக்கு ஒன்றாகப் பாடினாள். அதன்பின், போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்துக்கு அரைப்படி கீழிருந்து தொட்டு ஏறினாள். அந்த அரைப்படி ஸ்வரம் கூட்டுக்கு முற்றிலும் அந்நியமாயிருக்கலாம். அடுத்த கணமே வீட்டுக்குள் புகுந்துவிடுவதால் யாரும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. தாளத்தில் மட்டும் அவளுக்குச் சலுகை கிடைத்தது. ஜாஸில் ஓர் அட்சரத்தை இரண்டாகப் பகுத்தால் முதற் பாதி நீண்டும் பிற்பாதி குறுகியும் ஒலிக்கும். திச்ர நடையில் முதல் இரண்டை ஒன்றாய்ச் சேர்த்துச் சொல்வதைப் போன்றது. திச்ரம் அறிந்த பிள்ளைக்கு இதை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக் கூட்டைப் பற்றிக்கொண்டு கற்பனை செய்வது நேற்று வந்த வழக்கமன்று. கோல்மன் ஹாக்கின்ஸ் என்னும் சாக்ஸபோன் கலைஞர் 1939ஆம் ஆண்டில் 'பாடி அண்ட் ஸோல்' என்ற பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார். தொடக்கத்தில் மெட்டைத் தொட்டுக்காட்டிவிட்டு, பிறகு ஸ்வரக்கூட்டுகளின் மேலேயே முழுவதையும் கட்டினார். அந்தத் தட்டு இன்றும் பாடமாகக் கேட்கப்படுகிறது. சார்லி பார்க்கரின் கதை நம் பெண்ணுக்குப் பெரிய ஆறுதலாயிற்று. 1936ஆம் ஆண்டில், பதினைந்து பதினாறு வயதுப் பையனாயிருந்தபோது, அவர் கான்ஸாஸ் நகரத்துச் சபையொன்றில் பெரியவர்களோடு வாசிக்கப் போய்த் தடம் தவறினாராம். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ், போதும் நிறுத்து என்பதுபோல் ஒரு வெண்கலத் தட்டைக் கழற்றித் தரையில் எறிந்தாராம். மறு ஆண்டுக் கோடையில் பார்க்கர் மலைப்பக்கத்து விடுதியொன்றில் வேலைக்குப் போய், அங்கே லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளையும் ஸ்வரக்கூட்டுகளையும் விடாமல் பயின்று திரும்பினார் என்பர். 1955ஆம் ஆண்டில் முப்பத்து நான்கு வயதில் அவர் மறைந்தபோது, ஜாஸின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவராயிருந்தார். "எனக்குச் சிரிப்போடு போயிற்று, தட்டு பறக்கவில்லையே!" என்றாள் பெண். அன்றுதான் அவள் பழையபடி பேசத் தொடங்கினாள்.

கூட்டுகள் அடிக்கடி மாறுவது மிரட்டினால், மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த 'ஸோ வாட்' என்பதைக் கேட்கலாம். 32 கட்டங்களில் முதல் பதினாறுக்கும் ஒரே நிலம். அடுத்த எட்டில் எல்லாமே அரைப்படி மேலே போய், கடைசி எட்டில் திரும்பிவிடும். ராகத்தில் நின்று பழகியவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். தனியே பயில்பவர்களுக்குப் பின்னணி மட்டும் ஒலிக்கும் தட்டுகளை ஜேமி ஏபர்சோல்ட் என்பவர் 1967 முதல் வெளியிட்டார். இன்று கைப்பேசியிலேயே அத்தகைய பின்னணிகள் கிடைக்கின்றன. ஆனால் வீட்டில் ஒருவர் இரண்டு விரலை வைத்து உட்கார்ந்தால் அதற்கு ஈடில்லை என்பது நம் கட்சி. பாடுகிறவர் தடுமாறும் இடத்தில் கைப்பேசி காத்திருக்காது.

இந்த இசை மும்பைக்கும் அந்நியமன்று. 1935ஆம் ஆண்டில், அன்று பம்பாய் என வழங்கிய இந்நகரின் தாஜ்மகால் ஓட்டலில் லியான் அபே என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் குழு வந்து வாசித்தது. பின்னர் பியானோக் கலைஞர் டெடி வெதர்போர்டு இங்கும் கல்கத்தாவிலும் வாசித்து, 1945இல் கல்கத்தாவிலேயே காலமானார். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட கோவா நாட்டு வாத்தியக்காரர்கள் பலர், இரவில் ஓட்டலிலும் பகலில் சினிமாப் படப்பதிவிலும் வாசித்தனர். பழைய இந்திப் பாட்டுகளில் டிரம்பெட் துள்ளிக்கொண்டு வருவதை நாம் கேட்டு மகிழ்ந்தோமே, அது பெரும்பாலும் அவர்கள் கைவண்ணம். 1970களில் நம் விக்கு விநாயகராம் கடத்தோடு சேர்ந்த 'சக்தி' குழுவையும் அன்பர்கள் அறிவர். அது இரண்டு சங்கீதத்தையும் கலந்த வழி. நாம் சொல்வது கலப்பதை அன்று. அந்த வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு முறையில் உட்காரத் தெரிந்துகொள்வதை.

தை மாதத்தில் பெண் மறுபடியும் அந்தக் குழுவுக்குப் போனாள். மூன்று சுற்றுப் பாடினாளாம். மூன்றாவது சுற்றில் ஒன்பதாம் கட்டத்தில் மீண்டும் வழுக்கிற்றாம். ஆனால் வழுக்கிய ஸ்வரம் எது, எந்தப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே தெரிந்ததாகச் சொன்னாள். சனிக்கிழமைப் பாட்டு வகுப்புக்கும் முன்போல் போய்வருகிறாள். நம் ஆர்மோனியத்தில்தான் காகலி நிஷாதத்தின் ரீடு இப்போது அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. பழுதுபார்ப்பவரிடம் இன்னும் கொண்டுபோகவில்லை. ஒன்பதாம் கட்டம் வரும்போதெல்லாம் அந்த ஸ்வரத்தைப் பெண் தானே பாடி நிரப்பிவிடுகிறாள்.