சார்புத் தெரிவுப் பட்டியல்கள்: செய்நிரலாக்க நோக்கில் ஒரு விளக்கம்

கணினித் திரையில் ஒரு பட்டியலை விரித்து அதனுள் ஒன்றைத் தெரிவு செய்வது இன்று எல்லோருக்கும் பழகிப்போன செயலாகும். ஒரு பட்டியலிற் செய்யும் தெரிவு மற்றொரு பட்டியலின் உள்ளடக்கத்தை நிர்ணயிக்குமாயின், பின்னதைச் சார்புத் தெரிவுப் பட்டியல் எனலாம். இத்தகைய பட்டியல்களைப் பைதன் மொழியில், ஜுபிட்டர் குறிப்பேட்டினுள் அமைக்கும் முறையையும், அதில் நேரக்கூடிய பிழைகளையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

இலங்கைக் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாட்டில் 9 மாகாணங்களும் 25 மாவட்டங்களும் உள்ளன. முதற் பட்டியலிற் கிழக்கு மாகாணம் தெரியப்பட்டால் இரண்டாவதில் அம்பாறை, திருகோணமலை, மட்டக்களப்பு என்னும் மூன்றுமே தோன்றுதல் வேண்டும். வட மாகாணம் தெரியப்பட்டால் கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், வவுனியா என்னும் ஐந்தும் தோன்றுதல் வேண்டும்.

இதற்கு மூன்று உறுப்புக்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, எந்த மாகாணத்துக்கு எந்த மாவட்டங்கள் என்பதைக் கூறும் அட்டவணை. பைதனில் ‘டிக்‌ஷனரி’ எனப்படும் அகராதி அமைப்பு இதற்குப் பொருத்தமானது. மாகாணப் பெயர் திறவுகோலாகவும் மாவட்ட நிரை அதன் பெறுமானமாகவும் அமையும். இரண்டாவது, ‘ஐபைவிட்ஜெற்ஸ்’ என்னும் நூலகம் தரும் ‘டிரொப்டவுன்’ பட்டியல்கள் இரண்டு. மூன்றாவது, முதற் பட்டியலின் பெறுமானம் மாறுந்தோறும் இயங்கி, இரண்டாவதற்குப் புதிய நிரையை வழங்கும் சார்பு. இச்சார்பினை ‘ஒப்சர்வ்’ என்னும் கட்டளை மூலம் முதற் பட்டியலோடு பிணைத்தல் வேண்டும். மாற்றம் நிகழ்ந்தால் மாத்திரமே அச்சார்பு இயங்கும். ஆதலின், தொடக்கத்தில் இரண்டாம் பட்டியல் வெறுமையாய் இராதிருக்க, அதனை நாமே ஒருமுறை இயக்கிவிடுதல் அவசியமாகும்.

இவ்வளவில் வேலை முடிந்ததெனக் கொள்வது தவறு. இரண்டாம் பட்டியலுக்குப் புதிய நிரை வழங்கப்பட்டதும், அதன் முதற் பெயரை இக்கருவி தானாகவே தெரிவு செய்துகொள்கின்றது. வட மாகாணத்தைத் தெரிந்துவிட்டு மாவட்டத்தைத் தெரிய மறந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர், அகரவரிசையில் முன்நிற்கும் கிளிநொச்சியைச் சேர்ந்தவராகப் பதியப்படுவார். அவ்வாறே மட்டக்களப்பைச் சேர்ந்தவர் அம்பாறைக்குரியவராவார். திரையில் எவ்வித எச்சரிக்கையும் தோன்றாது. இத்தகைய பதிவுகள் பல சேர்ந்தபின், மெய்யான தெரிவையும் கருவி செய்த தெரிவையும் பிரித்தறிதல் இயலாது. ஆகவே ஒவ்வொரு நிரையின் தலைப்பிலும் ‘தெரிவு செய்க’ என்னும் வரியை இட்டு, அதற்கு வெறுஞ் சரத்தைப் பெறுமானமாக வழங்குதல் வேண்டும். அவ்வெறுமை நீங்காதவிடத்துப் பதிவை ஏற்காதிருத்தல் முறையாகும்.

மற்றொரு சிக்கல் காலம் பற்றியது. முல்லைத்தீவு மாவட்டம் 1978இலும், கிளிநொச்சி மாவட்டம் 1984இலும் உருவாக்கப்பட்டன. எனவே 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 24 மாவட்டங்களும், 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 25 மாவட்டங்களும் இடம்பெறுகின்றன. யாழ்ப்பாண மாவட்டத்தின் 1981ஆம் ஆண்டு எண்ணிக்கையினுள் பின்னர் கிளிநொச்சியாகப் பிரிந்த நிலப்பரப்பும் அடங்கும். இதனை உணராது இரு ஆண்டுகளையும் நேரே ஒப்பிடுபவர், எல்லை மாற்றத்தால் ஏற்பட்ட குறைவையும் மக்கள் இழப்பாலும் இடப்பெயர்வாலும் ஏற்பட்ட குறைவையும் ஒன்றெனக் கொள்ள நேரிடும்.

எனவே ஆண்டுக்கெனத் தனியொரு பட்டியல் தேவைப்படுகின்றது. இப்போது மாவட்ட நிரை ஆண்டு, மாகாணம் ஆகிய இரண்டையும் சார்ந்துள்ளது. மாகாணப் பட்டியலோடு மாத்திரம் சார்பைப் பிணைத்திருந்தால், வட மாகாணத்தை மாற்றாது 2012இலிருந்து 1981க்குச் செல்பவர், அன்று இல்லாத கிளிநொச்சி மாவட்டத்தைப் பட்டியலிற் காண்பார். மாகாணத்தின் பெறுமானம் மாறாமையால் அறிவித்தல் எழாமையே இதற்குக் காரணம். ஆண்டு, மாகாணம் என்னும் இணையை அகராதியின் திறவுகோலாக்கி, இரு பட்டியல்களோடும் ஒரே சார்பைப் பிணைத்தலே தீர்வாகும். ஒரு பட்டியல் எவற்றைச் சார்ந்துள்ளதோ அவை அனைத்தையும் அவதானித்தல் வேண்டும் என்பது இங்கு பெறப்படும் பொதுவிதி.

குறிப்பேட்டுக்கே உரிய இடர்ப்பாடொன்றும் உண்டு. பட்டியல்களை மீள உருவாக்காது, சார்பை வரையறுத்துப் பிணைக்கும் கலத்தை மாத்திரம் இருமுறை இயக்கினால், பழைய சார்பு நீங்காது புதியதும் உடன்சேரும். பிழையான பழைய சார்பு மறைவில் இயங்கிக்கொண்டேயிருக்கும். பட்டியலாக்கத்தையும் பிணைப்பையும் ஒரே கலத்தில் வைத்தல் இதனைத் தவிர்க்கும்.

சார்புப் பட்டியலின் பயன் திரையை அழகுபடுத்துவதன்று. பொருந்தாத இணைகள் தரவினுள் நுழையாது தடுத்தலேயாகும். ஒவ்வொரு பதிவும் ஒருவர் வாழ்ந்த ஊரைக் குறிப்பது. அவர் தெரியாத ஊரைக் கருவி அவருக்குச் சூட்டாதவாறு பார்த்துக்கொள்ளுதல் செய்நிரலாளரின் கடமையென்பது எமது கருத்தாகும்.