சொந்தப் படையின் கொடுமையைச் சொன்ன ஜப்பான் இளவரசர்

சொந்தக் குடும்பத்துக்கே பாதகமாக முடிந்தாலும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 135வது வசனம். நாமும் ஓதுகிறோம். ஆனால் ஜமாஅத் பஞ்சாயத்தில் நம் வீட்டுப் பிள்ளையின் வழக்கு வரும்போது வாய் திறக்கிறோமா?

ஜப்பானில் ஒருவர் திறந்தார். அவர் முஸ்லிம் அல்லர். பேரரசர் ஹிரோஹிட்டோவின் கடைசித் தம்பி, இளவரசர் மிகாசா. பிறந்தது 1915இல்.

சீனாவை ஜப்பான் ஆக்கிரமித்திருந்த காலம். 1943இல் அவரை நான்ஜிங் நகரிலிருந்த படைத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். அரச குடும்பத்தவர் என்பது வெளியே தெரியாதிருக்க வேறு பெயரில் பணியாற்றினார். புதிய சிப்பாய்களின் மனத்தைக் கடினமாக்க, உயிருள்ள சீனக் கைதிகளைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திப் பழக வைக்கிறோம் என்று ஓர் அதிகாரி அவரிடமே சொன்னார். இளவரசர் அதிர்ந்து போனார். 1944 ஜனவரியில், அங்கிருந்து திரும்பும் வேளையில், படையின் ஆக்கிரமிப்பையும் அட்டூழியங்களையும் கண்டித்து அதிகாரிகளுக்கு ஓர் உரை எழுதினார். யாருடைய பெயரால் அந்தப் படை போரிட்டதோ அவர் இவருடைய உடன்பிறந்த அண்ணன் என்பதை நினைத்துப் பாருங்கள்!

அந்த உரையை அழித்துவிட உத்தரவு வந்தது. தப்பிய பிரதி ஒன்று 50 ஆண்டுகள் கழித்து, 1994இல் வெளிவந்தது. நடந்ததை அப்போதும் அவர் மறுக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. ஆனால் போர் முடியும்வரை அவர் படை அதிகாரியாகவே நீடித்தார் என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

போருக்குப் பின் அவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மேற்காசியாவின் பண்டைய வரலாற்றைப் படித்தார். பின்னர் கல்லூரிகளில் பாடமும் நடத்தினார். 1950களில், புராண காலத்து முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் பிப்ரவரி 11ஐ மீண்டும் தேசிய நாளாக்க முயற்சி நடந்தது. அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று அவர் எதிர்த்தார். தன் குடும்பத்தின் பெருமைக் கதையையே மறுத்ததால் தேசியவாதிகளின் கோபத்துக்கு ஆளானார்.

டோக்கியோவில் 1975இல் தொடங்கிய மத்திய கிழக்குப் பண்பாட்டு மையத்தின் பின்னணியில் இருந்தவரும் அவரே. துருக்கியின் காமான் என்ற ஊரில் ஜப்பானியர் நடத்தும் அகழாய்வுக்கு 1986இல் முதல் மண்ணை வெட்டினார். மூன்று மகன்களும் தனக்கு முன்பே இறந்ததைப் பார்த்த பிறகு, 2016 அக்டோபரில், தன் 100வது வயதில் காலமானார். காமானில் அவர் பெயரால் ஜப்பானியப் பாணியில் ஒரு தோட்டம் இருக்கிறது.