கேத்தலின் அடியில் வியர்வை

அஸர் தொழுதுவிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போனால் மருமகள் குசினி மேசையில் கொப்பியை விரித்திருப்பாள். இந்த வருடம் ஓ.எல். கணிதத்தில் புலி. இரசாயனச் சமன்பாடு வந்தால் மட்டும் அழிறப்பரும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறாள்.

"மாமா, சரியாத்தானே எண்ணினேன். டீச்சர் பிழை போட்டிருக்காங்க."

பார்த்தேன். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் உண்டாகும் தாக்கம். இடப்பக்கம் ஒட்சிசன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ஒன்று குறைகிறதே என்று, நீரில் இருக்கும் ஒட்சிசனின் காலடியில் ஒரு 2 போட்டிருந்தாள். எண்ணிக்கை சரி. ஆனால் அது இப்போது நீர் இல்லை. அது ஐதரசன் பேரொட்சைட்டு. புண் கழுவவும் முடியை வெளிறவைக்கவும் எடுப்பது.

"இதிலயா புள்ள தேத்தண்ணி ஊத்தப் போறாய்?"

நான் கண்டவரையில் பிள்ளைகள் வழுக்கி விழுவது இந்த ஓரிடத்தில்தான். காலடியில் உள்ள சின்ன இலக்கம் அந்தப் பொருளின் பிறப்பு. அதைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். நாம் மாற்றலாம் என்பது முன்னால் போடும் குணகத்தை மட்டும். வாசலில் நிற்கும் ஓட்டோவுக்கு மூன்று சில்லு. ஒரு சில்லு மிச்சம் கிடக்கிறதே என்று நாலாவதாகப் பூட்டினால் அதை யார் ஓட்டோ என்பார்கள்? சைக்கிள்களைக் கழற்றி ஓட்டோ செய்வதாக வைத்துக்கொள்வோம். மூன்று சைக்கிளை உடைத்தால் ஆறு சில்லு, இரண்டு ஓட்டோ, மிச்சமில்லை. கல்முனைக் கடற்காற்றில் எங்கள் கேற் துருப்பிடிப்பதும் இதே சில்லுக் கணக்குத்தான். ஒட்சிசன் சோடி சோடியாக வருகிறது, துரு மூன்று மூன்றாகக் கேட்கிறது. ஈரத்தை விட்டுவிட்டு எழுதினால் இரும்பு நாலு, ஒட்சிசன் சோடி மூன்று, துரு இரண்டு.

அதற்குள் தங்கச்சி கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். "அடியைப் பார்" என்றேன். குளிர்ந்த கேத்தலின் வெளிப்பக்கம் துளித்துளியாக வியர்த்திருந்தது.

"ஓட்டையா மாமா?"

ஓட்டையில்லை. கேஸ் எரிந்து பிறந்த நீராவி, குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகிறது. கொஞ்ச நேரத்தில் கேத்தல் சூடானதும் காணாமல் போய்விடும்.

2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தபோது, புரொப்பேன், பியூட்டேன் என்ற பெயர்கள் குசினி வரைக்கும் வந்துவிட்டன. எது எத்தனை வீதம் கலந்திருக்கிறது என்று உம்மாமாரும் கேட்டார்கள். அந்தப் பியூட்டேனையே எடுத்துக்கொண்டோம். ஒரு மூலக்கூறில் காபன் நாலு, ஐதரசன் பத்து. எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீரும்.

முதலில் காபன். நாலு இருக்கிறது, ஆகவே காபனீரொட்சைட்டு நாலு. அடுத்து ஐதரசன். பத்து இருக்கிறது, நீருக்கு இரண்டிரண்டாகப் போனால் நீர் ஐந்து. ஒட்சிசனைக் கடைசிக்கு விடவேண்டும். அது தனியாக நிற்கிற ஆள். அதன் குணகத்தை மாற்றினால் வேறு எதுவும் குழம்பாது. வலப்பக்கம் எண்ணினாள்: காபனீரொட்சைட்டில் எட்டு, நீரில் ஐந்து, மொத்தம் பதின்மூன்று. சோடியாக்கினால் ஆறரை.

பேனை நின்றுவிட்டது. "அரை மூலக்கூறு எப்பிடி வரும்?"

வராது. அரை வந்தால் பிழை விட்டோம் என்று முழுவதையும் அழிக்கிற பிள்ளைகள் உண்டு. அழிக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் போதும். பியூட்டேன் 2, ஒட்சிசன் 13, காபனீரொட்சைட்டு 8, நீர் 10.

"ஏன் கட்டாயம் சமனாகணும்?" என்றாள். இந்தக் கேள்வியை டியூசனில் யாரும் கேட்பதில்லை. அணுக்களை அடுப்பு ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. சோடி மாற்றி விடுகிறது, அவ்வளவுதான். பிரான்சின் லவோசியே தராசை வைத்துக்கொண்டு இதைக் காட்டி, 1789இல் புத்தகமாகவும் எழுதினார். நாங்களும் கல்குலேட்டரை எடுத்து நிறுத்துப் பார்த்தோம். வீட்டுச் சிலிண்டரில் 12.5 கிலோ கேஸ். முழுவதும் பியூட்டேன் என்று வைத்தால், அது தீரும்வரை குசினிக் காற்றிலிருந்து சுமார் 44.8 கிலோ ஒட்சிசனை இழுக்கும். வெளியே விடுவது காபனீரொட்சைட்டு 37.9 கிலோ, நீர் 19.4 கிலோ. இரு பக்கமும் 57.3. சிலிண்டரில் இருந்ததை விடக் கூடுதலான நிறையில் தண்ணீர்! தங்கச்சி நம்பவேயில்லை. ஆனால் சன்னலைத் திறந்து விட்டாள். அதுவும் நல்லதுதான். ஒட்சிசன் போதாமல் போனால் சமன்பாடு வேறு பாதையில் போய், சட்டியடியில் கரியும் காற்றில் நஞ்சான காபனோரொட்சைட்டும் வரும்.

ஒரு பக்கக் கதை. மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1875இலேயே தமிழில் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலைக் கொண்டுவந்துவிட்டார். 'தாக்கி', 'குணகம்' என்று மருமகள் முணுமுணுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

பிளேன்டி வந்தது. புரொப்பேனைத் தனியாகச் செய்யச் சொன்னேன்: காபன் மூன்று, ஐதரசன் எட்டு. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். காபனீரொட்சைட்டு 3, நீர் 4, ஒட்சிசன் அணு பத்து, சோடி 5.

"அரை வரல்லையே மாமா" என்றாள், கொஞ்சம் ஏமாந்தவளாக.