வவுனியாக் காட்டில் ஒரு வணிகனின் குகை

தோளிற் பையை மாட்டிக்கொண்டு ஊர் காணப் புறப்படுவோர் இக்காலத்தில் மிகப் பலர். வியத்நாம் நாட்டிலுள்ள போங் நா என்னும் சிற்றூரை அவர்கள் நாடிச் செல்வதற்குக் காரணம் அங்குள்ள குகைகளே. சுண்ணாம்புக்கல் மலைகளை நீர் பன்னெடுங்காலம் அரித்துக் குடைந்தமையால் உண்டானவை அவை. 2003 ஆம் ஆண்டில் அம்மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

வவுனியாவுக்கு அத்தகைய புகழ் இல்லை. யாழ்ப்பாணம் செல்வோர் இடையில் ஒரு தேநீர் அருந்திவிட்டுக் கடந்துபோகும் ஊர் என்றே பலரும் அதனை எண்ணுவர். ஆயினும் அம்மாவட்டத்திலும் குகைகள் உண்டு. அவற்றுட் சிறந்தவை பெரிய புளியங்குளத்துக் குகைகள். புளியங்குளம் என்னும் பெயர் வன்னியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு வழங்குவதால், வழி கேட்பவர் முழுப்பெயரையும் கூறுவது நலம்.

சுரங்கம் போன்ற குகையை எதிர்பார்த்துச் செல்பவர் இங்கே ஏமாற்றமே அடைவர். வன்னியின் கருங்கல்லை நீர் எளிதிற் குடைவதில்லை. பெரும்பாறை ஒன்று முன்னே சரிந்து நிற்க, அதன் கீழ் அமையும் நிழலிடமே இங்குக் குகை எனப்படுவது. மழை பெய்தால் நீர் பாறையைப் பற்றிக்கொண்டே வழிந்து உட்புறத்தை நனைத்துவிடும். இதற்குப் பழங்காலத்தார் கண்ட உபாயம் மிக எளியது. பாறையின் நெற்றியில் நீளவாட்டில் ஒரு காடியை வெட்டினார்கள். வழிந்து வரும் நீர் அவ்விளிம்பைத் தாண்டி உள்ளே செல்ல மாட்டாமல் வெளியே சொட்டிவிடும். போங் நாவிற் குகையைச் செய்தது நீர். இங்கோ நீரை விலக்கியதனாலேயே பாறைநிழல் குகையாயிற்று.

அக்காடியின் கீழே எழுத்தைப் பொறிப்பது வழக்கம். ஈரம் படாமையால் எழுத்தும் நிலைத்தது. பெரிய புளியங்குளத்துக் கல்வெட்டுகள் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராமி எழுத்தில் உள்ளவை. உதி என்னும் அரசனும் அவன் மனைவி அனுராதியும் பௌத்த சங்கத்தாருக்குக் குகை அளித்த செய்தி அவற்றில் உண்டு. இவ்வாறான கொடைகள் நாற்றிசையிலிருந்து வந்தோர்க்கும் இனி வருவோர்க்கும் உரியனவாக அளிக்கப்பட்டன. நடந்து வரும் துறவிக்கு மழைக்காலத்தில் ஒரு கூரை வேண்டுமல்லவா?

அங்கேயே விசாகன் என்பவனைக் குறிக்கும் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவன் தமிழன், வணிகன், இல்லறத்தான் என அவை கூறுகின்றன. பேராசிரியர் பரணவிதான 1970 இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் இவை இடம்பெற்றுள்ளன. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குகைகளிலும் ஒரு வணிகர் குழு கொடையாளராகக் காணப்படுகிறது. ஆனால் அங்குள்ள எழுத்து தமிழ் மொழியைப் பேசுகிறது, இங்குள்ளது பிராகிருதம். பிறமொழியில் எழுதுவித்தபோதும் தன்னைத் தமிழன் என்றே குறிப்பித்தான் விசாகன். எவ்வூரிலிருந்து வந்தான், என்ன சரக்கு விற்றான் என்பதைக் கல் கூறவில்லை. இவ்விரு கல்வெட்டுகளையும் கொண்டு பெரிய வழக்குகளை நிறுவ முற்படுவோர் இருதரப்பிலும் உண்டு. கல் கூறுவதோ ஒரு பெயர், ஓர் இனம், ஒரு தொழில், ஓர் அறச்செயல், அவ்வளவே.

செல்பவர் ஊரவர் ஒருவரைத் துணைக்கொள்வது நன்று. 2009 இல் முடிவுற்ற போரின்போது புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றும் பணி வன்னியில் நெடுங்காலம் நிகழ்ந்தது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் ஓரடியும் எடுத்து வைத்தலாகாது. பாலைப்பழம் உதிரும் காலத்தில் மனிதரைவிடக் கரடிக்கே அப்பழத்தில் ஆசை மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் காட்டுவழி சேறாகிவிடும்.

எழுத்து விளங்கவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பவர் சிலர். இது பெருந்தீங்கு. கைவிளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டிற் பிடித்தாற் போதும். வெட்டின் பள்ளங்களில் நிழல் விழ, விசாகனின் பெயர் தானே தெரியும்.